சாமி கேக்

அன்னூர்,
டிசம்பர் 28, இரவு.

அன்புள்ள ரிஃபத்,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்கும் அத்தாவுக்கும்கூடக் காட்டாதே. கோட்டைமேட்டில் உன் சாஜித் மாமா வீட்டில் எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படி. படித்து முடித்ததும் கிழித்துத் தண்ணீர் ஊற்றிவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். நீ நன்றாக இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், காரணமும் தெரியும். அதனால் அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

நம் பள்ளி சௌபர்ணிகா நாளைக் காலையில் உக்கடத்தில் இருக்கும் அவள் சித்தி வீட்டுக்குப் போகிறாள். உன்னுடைய கணக்கு கைடு என்னிடம்தானே இருக்கிறது, அதற்குள் இதை வைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். போனில் பேச முடியாது. அம்மா போன் சமையலறை அலமாரியில் இருக்கிறது. நான் இப்போது சமையலறைக்குள் போகக்கூடாது. நேற்றிலிருந்து நான் வீட்டுக்குத் தூரம்.

போன மாதம் இதே நாட்களில் நான் உங்கள் வீட்டில் இருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? அப்பா மாலை போட்டிருக்கும்போது நான் தூரமானால் வீட்டில் இருக்க முடியாது என்று, மூன்று வருடமாக உன் அம்மாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் உன் பக்கத்தில் படுக்க வைப்பார். சூடாக வெந்தயக் கஞ்சி வைத்துக் கொடுப்பார். அடிவயிற்றுக்கு வெந்நீர் பாட்டில் வைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் கண்ண மூடுங்க அம்மணி" என்பார். இந்த மாதம் எங்கே போவது? மாடி அறையில் கொப்பரை மூட்டைக்கும் மருந்து அடிக்கும் மெஷினுக்கும் நடுவில் பாய் விரித்திருக்கிறார்கள். அம்மா சாப்பாட்டைத் தட்டில் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்து, இரண்டு தடவை மெதுவாகத் தட்டிவிட்டுப் போவார். கொப்பரை நாற்றத்தில் தலை சுற்றுகிறது. அது எனக்குச் சரியான இடம்தான்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். சாமி கேக்கில் முட்டை போட்டது உன் அம்மா இல்லை. நான்.

எழுதிவிட்டேன். இப்போது உனக்கு என் மேல் என்ன தோன்றுகிறதோ, அதை வைத்துக்கொண்டே மீதியையும் படி.

இருபத்து மூன்றாம் தேதி பரீட்சை முடிந்து வந்தேனா, அன்று சாயங்காலமே பாலுக்கு உறை ஊற்றி வைக்கச் சொல்லி அம்மா மூன்று தடவை சொன்னார். மார்கழிக் குளிரில் பால் சீக்கிரம் உறையாது, ஆறு மணிக்கே ஊற்றிக் கம்பளித் துணி சுற்றி வை என்றார். சாமி கேக்கில் முட்டைக்குப் பதிலாக ஊற்றும் தயிர் எங்கள் வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பது உனக்குத் தெரியும். எங்கள் மாட்டுப் பால், எங்கள் போசி, தலைக்குக் குளித்தவர் கை. கடைத் தயிர் விரதத்துக்கு ஆகாது என்பது பூவாத்தாள் அத்தை போட்ட சட்டம். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு அம்மா போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிந்த சந்தோஷம். படுக்கப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. அப்போது மணி பதினொன்று. எழுந்து போய் உறை ஊற்றினேன். கம்பளி சுற்றவில்லை. கால் சில்லிட்டது, ஓடிவந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரும்போது, நடக்க நடக்க உள்ளே தளும்பியது. தயிர் தளும்பாது. வழியில் மூடியைத் திறந்து பார்த்தேன். வெறும் பால். அப்படியே திரும்பிப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். காலையில்தான் வேறு எதற்கோ திட்டு வாங்கியிருந்தேன். உள்ளே போனால் உன் அம்மா ஏதாவது வழி சொல்வார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே வந்தால் எல்லாம் தயாராக இருந்தது. ஓவனை முதல் நாளே கழுவிக் காய வைத்திருந்தார். சாமி கேக்குக்கென்றே வாங்கி, மஞ்சள் கயிறு கட்டி வைத்திருக்கும் டின், அதே மஞ்சள் கயிறு கட்டின கரண்டி. தீபாவளியிலிருந்து ஆரஞ்சு ஜூஸில் ஊறின பழங்களில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். மைதா சலித்து, நாட்டுச் சர்க்கரை அளந்து, நெய் உருக்கி வைத்திருந்தார். முதலில் சாமி கேக் வெந்து வெளியே போன பிறகுதான் உங்கள் கேக்குக்கு முட்டை உடைப்பது என்பது அவர் வைத்த முறை. யாரும் கேட்காமல் அவராகவே வைத்துக்கொண்டது.

ஒவ்வொரு வருடமும் சொல்வதுபோல இந்த வருடமும் சொன்னார். "நான் தள்ளி நின்னு அளவு சொல்றனுங்க கண்ணு. நீங்களே கலக்குங்க. நாளைக்கு ஒருத்தரு ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாது பாருங்க." ரிஃபத், அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்றுதான் அவர் என் கையில் கரண்டியைக் கொடுத்தார்.

அப்போது நீ பட்டர் பேப்பர் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். உன் அம்மா தொழப் போனார். தயிரை ஊற்றி அடித்து வைத்திருங்க, வந்துர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சமையலறையில் நான் மட்டும். மேடையில் உங்கள் கேக்குக்கு வைத்திருந்த முட்டை அட்டை.

நான் என்ன நினைத்தேன் என்று உண்மையாகவே எழுதுகிறேன். போன வருடக் கேக் நடுவில் அமுங்கிப்போனது, செங்கோட்டையன் குருசாமி அதைப் பார்த்து நம்ம ஊர்க் கோயில் குளம் மாதிரி இருக்குதுங்க என்று சிரித்தார், இந்த வருடம் அப்படி ஆகாது என்று நினைத்தேன். வெந்துவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். அப்பா ஒரு துண்டுதான் சாப்பிடுவார் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, உறை ஊற்ற மறந்துவிட்டேன் என்று இந்த வயதில் அம்மாவிடம் சொல்ல முடியாது என்று நினைத்தேன். இவ்வளவு நினைத்தேனே, ஐயப்பனை மட்டும் நினைக்கவே இல்லை. ஒன்பது வயதில் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு மலை ஏறி, பதினெட்டுப் படியையும் தொட்டுக் கும்பிட்டவள் நான்.

மூன்று முட்டை. முதல் முட்டையைப் பயத்தில் ஓங்கித் தட்டிவிட்டேன். ஓடு நொறுங்கி உள்ளே விழுந்தது. விரலால் எடுத்தேன். ஒரு சின்னத் துண்டு வழுக்கி வழுக்கிப் போனது. வாசல் கதவுச் சத்தம் கேட்டது, நீ வந்துவிட்டாய். அப்படியே மாவைக் கொட்டிக் கலக்கிவிட்டேன். ஓடுகளை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன். பால் போசியை ஓவன் மேசைக்குப் பின்னால் தள்ளினேன். நீ உள்ளே வந்து எட்டிப் பார்த்து, இந்த வருஷம் மாவு என்ன இவ்வளவு மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டாய். நெய் கொஞ்சம் அதிகம் என்றேன். நீ நம்பினாய்.

அந்தக் கேக் எப்படி உப்பி வந்தது என்று நீயும் பார்த்தாய். உன் அம்மாவே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, உங்க கை ராசி அம்மணி என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்வெட்டர் பையிலிருந்த ஓடுகளைச் சாக்கடையில் போட்டேன்.

மறுநாள் எங்கள் வீட்டு ஐயப்ப பூஜையில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். முட்டை போடாத தம்ரூட் இனிப்புத் தட்டோடு நீ கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய், பந்தலுக்குள் பேசினது உனக்குக் கேட்டிருக்காது. சரணம் சொல்லி முடிந்து, எல்லாச் சாமிகளும் இலையில் சாப்பிட்டு முடித்ததும், அம்மா எங்கள் வீட்டுக் கச்சாயப் பலகாரத்தோடு கேக்கையும் ஒவ்வொரு துண்டு வைத்துக்கொண்டு வந்தார். அப்பா இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். மாலை போட்ட இத்தனை நாளில் அப்பா எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. "நஃபீசா சாமி இந்த வருசம் ஜமாய்ச்சுப்போட்டாங்க" என்றார். மாலை போட்டதிலிருந்து அவருக்கு எல்லோரும் சாமிதான். அம்மா சாமி, நான் சாமி, பால்காரர் சாமி. வாசலில் குறுக்கே படுத்திருந்த நாயைப் பார்த்து நகருங்க சாமி என்று சொன்னதற்கு நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே, அதே அப்பா.

அப்போது குருசாமி மெல்லுவதை நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சட்டென்று இலை மடிப்பில் வைத்து மூடினார். அத்தை பார்த்துவிட்டார். என்னங்க சாமி அது என்று கேட்டார். ஒன்றுமில்லை, கல்லுங்க என்றார் குருசாமி. அவருக்குத் தெரிந்திருக்கும் ரிஃபத். முப்பது வருடம் மலைக்குப் போகிறவர், எங்களுக்காகப் பொய் சொன்னார். அத்தை குனிந்து இலையைப் பிரித்து, அதை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கல்லு இப்படி வளைஞ்சா இருக்குமுங்க?"

பந்தலில் இருபது பேர் இருந்தார்கள். அப்பா கையிலிருந்த துண்டை இலையில் வைத்தார். எழுந்து கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை.

அதன் பிறகு உன் அம்மாவைக் கூப்பிட்டு விட்டார்கள். கூப்பிடுவதற்கு முன்னால் நடந்ததுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. அம்மா என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய், "நீதான கலக்குன?" என்று கேட்டார். அத்தை கதவருகிலேயே நின்றார். ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னது இது: "பாதி வரைக்கும்தாம்மா. மீதி அவங்க கலக்குனாங்க."

முட்டை போட்டது பயத்தில். இதைச் சொன்னது என்னவென்று எனக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். சொல்லும்போது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

உன் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து பந்தலுக்கு வெளியில் நின்றார். அத்தையை உனக்குத் தெரியும், கோபத்திலும் ங்க போட்டுத்தான் பேசுவார், அதனால் இன்னும் சுடும். நம்பித்தானுங்க உங்க ஊட்டு அடுப்புல வெச்சோம் என்றார். பதினெட்டாவது வருசமுங்க எந்தம்பிக்கு, தெரிஞ்சுதானுங்க செஞ்சீங்க என்றார். லோகு பாதிதான் கலக்கினாளாம், மீதி நீங்கதானாம் என்றும் சொன்னார்.

அப்போது உன் அம்மா என்னைப் பார்த்தார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். திட்டும் பார்வை இல்லை. காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு கிணற்றடிப் பக்கம் திரும்பி அப்பாவிடம்தான் பேசினார்.

"எங்க ஊட்டு அடுப்புல வெந்ததுங்க சாமி. தப்பு எங்களோடதுதானுங்க. மன்னிச்சுப்போடுங்க."

அவ்வளவுதான். கலக்கினது லோகு, நான் கரண்டியைத் தொடவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அத்தை அதைக் கேட்டுவிட்டு, சரிங்க, சங்கடம் வேண்டாம், தை பிறந்ததும் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நீங்கள் குடியிருக்கும் வீடு அத்தை வீடாகப் போய்விட்டதே. உன் அத்தா கோட்டைமேட்டுப் பக்கம் வீடு பார்க்கிறாராம். உனக்கு அங்கேயே பள்ளிக்கூடம் மாற்றப் போகிறார்களாம். சௌபர்ணிகா சொன்னாள். நீ மட்டும் மறுநாள் உன் மாமா வீட்டுக்குப் பஸ் ஏறும்போது நான் மொட்டைமாடியில் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீ எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பினாய். நான் குனிந்துகொண்டேன்.

நீ போன பிறகு இன்னொன்று நடந்தது. உன் அத்தா எங்கள் கேட்டில் ஒரு தூக்குப்போசியை மாட்டிவிட்டுப் போனார். என்னுடைய போசி. ஓவன் மேசைக்குப் பின்னால் தள்ளினேனே, அது. அதை அடியோடு மறந்திருந்தேன். போய்த் திறந்தேன். உள்ளே தயிர். கெட்டியாக, மேலே ஆடை படிந்து, கவிழ்த்தாலும் விழாத மாதிரி. ஓவன் சூட்டில் பின்னாலேயே இருந்து அன்று சாயங்காலத்துக்குள் உறைந்திருக்கிறது. இரண்டு நாளும் ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள் போல, போசி சில்லென்று இருந்தது. வெளிப்புறம் புளி போட்டுத் தேய்த்து மின்னியது.

அந்த மேசைக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் போதும் ரிஃபத். மூன்று மணி நேரம்.

அந்தப் போசியைப் பார்த்தபோது மீதித் தயிர் என்றுதான் உன் அம்மா நினைத்திருப்பார்; கேக்குக்கு என்று கொண்டுபோன தயிர் கேக்கில் சேரவே இல்லை என்று, முட்டை ஓடு என்றதுமே அவருக்குப் புரிந்திருக்கும். அட்டையில் மூன்று முட்டை குறைந்தது ஏன் என்றும் அப்போதுதான் தெரிந்திருக்கும். எல்லாம் தெரிந்துதான் பந்தலில் நின்றார். அவர் நினைத்திருந்தால் அந்தப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்து இருபது பேர் நடுவில் திறந்து காட்டியிருக்கலாம். தேய்த்துக் கழுவிக் கேட்டில் மாட்டச் சொல்லிவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தை என் கையிலிருந்து வாங்கி, அவங்க ஊட்டுத் தயிர் நமக்கெதுக்கு என்று சாக்கடையில் ஊற்றினார். அது நம்ம ஊட்டுத் தயிர் என்று நான் சொல்லவில்லை. வெள்ளையாகச் சாக்கடையில் துண்டு துண்டாகப் போனது.

அம்மா அதிரசம் சுட உட்கார்ந்தார், ஒவ்வொன்றும் எண்ணெயில் பிரிந்து போனது. பாகு முறிந்துவிட்டது என்றார். அம்மாவுக்கு ஒருநாளும் பாகு முறிந்ததில்லை. பாகு பதம் பார்த்துச் சொல்வது உன் அம்மாதானே, விரலை நனைத்துத் தொட்டு, இறக்குங்கக்கா என்பாரே. அம்மா அடுப்பை அணைத்து அந்த மாவை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

அப்பா திட்டுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மூன்று வேளையும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், ஒரு வேளை சாப்பிடுகிறார். மலையில் நட வளர்த்து வைத்த தென்னங்கன்று வாசலில் பையோடு நிற்கிறது. பதினெட்டாவது வருடம் போகிறவர்கள் கன்று கொண்டுபோய் நட வேண்டும். பதினேழு வருடமாக அந்தக் கன்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். எந்த மரத்துக் காயைப் போடுவது என்று போன தையிலேயே பார்த்து வைத்தார். ஒன்றாம் தேதி இருமுடி கட்டு. குருசாமி நேற்றும் வந்தார். குளிச்சுச் சரணம் சொல்லியாச்சு, அபராதம் செலுத்திப்போட்டுக் கிளம்புங்க சாமி, இதுக்கெல்லாம் நின்னா நானு பாதி வருசம் ஊட்லயே உக்காந்திருக்கோணும் என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. நான் ஜன்னலிலிருந்து கேட்டேன்.

"தெரியாம நடந்துதா, தெரிஞ்சு நடந்துதான்னு தெரியாம நான் எப்படிங்க சாமி படியேறுவேன்? அந்தம்மா மூணு வருசம் நமக்குன்னு தனி டின்னு வெச்சு ஆக்கிப் போட்டவங்க. அவங்க வேணும்னு செஞ்சிருப்பாங்கன்னு என் மனசு சொல்லமாட்டேங்குது. ஆனா அவங்களே ஒத்துக்கிட்டாங்களே."

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை ரிஃபத். ஆனாலும் அத்தைக்கு எதிராக அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நான் அவர் மேல் கோபப்படலாமா? எதுவும் சொல்லாதவர்களில் முதல் ஆள் நான்தானே.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கீழே பேச்சுக் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். நாளைக் காலையில் பிள்ளையார் கோயிலில் மாலையைக் கழற்றிவிடப் போவதாக அப்பா அம்மாவிடம் சொன்னார். இந்த வருடம் வேண்டாம், அந்தக் கன்றைத் தோட்டத்திலேயே வைத்துவிடுகிறேன் என்றார். அம்மா அழுதார். அத்தையும் அழுதார். அத்தை அழுது நான் கேட்டதே இல்லை. எந்தம்பியை இப்படிப் பண்ணிப்போட்டாங்களே என்று உன் அம்மாவைச் சொல்லித்தான் அழுதார்.

இப்போது நான் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். யாரோ செய்தார்கள் என்பதையே தாங்காதவர், பெற்ற பெண் தெரிந்தே செய்தாள் என்றால் என்ன ஆவார்? அடிக்க மாட்டார். ஒருநாளும் அடித்ததில்லை. அதனால் எனக்கு அடியைப் பற்றிப் பயமில்லை. கேக்கை இலையில் திரும்ப வைத்தாரே, அந்த மாதிரி என்னையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாரோ என்றுதான் பயம். அம்மா என்ன செய்வார், அத்தை ஊரெல்லாம் என்ன சொல்வார், பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. இதையெல்லாம் நினைத்துத்தான் உனக்கு மட்டும் சொல்லிவிட்டு, நீ படித்ததும் கிழிக்கச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். உனக்குத் தெரிந்தால் என் மனபாரம் குறையும் என்று.

எழுதிக்கொண்டு வரும்போதுதான் புரிகிறது. நீ படித்துக் கிழித்தால் என் பாரம்தான் குறையும். நீங்கள் வீட்டைக் காலி செய்வது நிற்காது. அப்பா மாலையைக் கழற்றுவது நிற்காது. இதுவும் அந்த முட்டை ஓட்டை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்ட மாதிரிதான்.

முதல் வரியில் யாருக்கும் காட்டாதே என்று எழுதினேன் அல்லவா, அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டேன். எழுதியிருந்தது தெரியும்படிதான் அடித்திருக்கிறேன். முதலில் எப்படி நினைத்தேன் என்று நீயும் தெரிந்துகொள். இந்தக் கடிதத்தைக் கணக்கு கைடில் வைக்கப் போவதில்லை. பூஜைக்குக் கேக்கோடு வந்த, மஞ்சள் கயிறு கட்டின டின்னும் கரண்டியும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. நாளை விடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை மாடிப்படியில் கட்டி வைத்திருக்கிறார். அந்த டின்னுக்குள் பட்டர் பேப்பருக்கு அடியில் வைத்துவிடுகிறேன். உன் அம்மாதான் முதலில் திறப்பார். அவர் படிக்கட்டும். படித்துவிட்டு அப்பாவிடம் கொண்டுவந்து காட்டட்டும். அத்தையிடமும் காட்டட்டும். சத்தமாக வாசித்தாலும் சரி.

என் வாயால் சொல்லத்தான் தைரியம் இல்லை. எழுத்தில் இருந்தால் போதாதா?

போதாது என்று நீ சொல்வாய். உன் முகம் எனக்குத் தெரிகிறது. கணக்கில் விடை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாமல் விட்டால் பார்ப்பாயே, அந்த முகம். உன் அம்மா அதைக் கொண்டுவந்து காட்டவும் மாட்டார், எனக்குத் தெரியும். படித்துவிட்டு மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு, வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடுவார். அவர் அப்படித்தான்.

ரிஃபத், நீ பள்ளிக்கூடம் மாறாதே. உன் அத்தாவிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொல். உன் அம்மா நன்றாக இருக்கட்டும். அடுத்த டிசம்பரில் அவர் எனக்குக் கரண்டி தராவிட்டாலும் பரவாயில்லை, தள்ளி நின்று நான் அளவு சொல்கிறேன், நீ கலக்கு. என்னை மன்னித்துவிடு என்று எழுத வந்தேன். அதை உன்னிடம் கேட்பதற்கு முன்னால் இன்னொரு இடத்தில்

கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா இல்லை. அம்மா இரண்டு தடவை மெதுவாகத் தட்டுவார். துளசி மாலை மரக்கதவில் உரசுகிற சத்தம் கேட்கிறது. நான் தூரமாக இருக்கும்போது அப்பா இந்த மாடிப்படி ஏறக்கூடாது. ஏறி வந்திருக்கிறார்.

"கண்ணு, காலைல வெச்ச தட்டும் அப்படியே இருக்குது. ஏஞ்சாமி... ஏங் கண்ணு, சாப்பிடலியா?"

இன்னும் மாலை கழுத்தில்தான் இருக்கிறது. கண்ணு என்று கூப்பிடுகிறார்.

தாளை மறைக்கவில்லை ரிஃபத். கையில் வைத்துக்கொண்டே போய்